ஓரத்தில் ஒரு விரல்

“பொய் சொல்லுது மேடம் அது, பச்சைப் பொய்—”

“பொய் இல்ல சார், புலம்பல். புலம்பறவங்க எல்லாரும் பொய்யின்னா—”

“திங்கட்கிழமை ஆனா போதும். ஃபைல் மாறிடுச்சு, ஃபைல் மாறிடுச்சுன்னு ஒரு மெயில்—”

“மாறியிருக்கு, அதனால சொல்லுது!”

“யார் மாத்தினது? நீங்களா, நானா, மேல சுத்தற ஃபேனா? நானே திறந்து பார்த்தேன். அதே எழுத்து, அதே படம், அதே பக்க எண்.”

“முந்நூறு பக்கத்தையும் புரட்டினீங்களா?”

“மனுஷன் புரட்டற சமாச்சாரமா மேடம் அது? மண்புழு! அட்டையிலேர்ந்து அட்டை வரைக்கும் மண்புழு!”

இரண்டு பேருக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்ட வாலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பிக் கழுத்து சுளுக்கிக்கொண்டது.

வால் என்பது வீட்டில் வைத்த பெயர். முன்னந்தலையில் முடி விடைபெற்றுப் போன பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. துப்பறியும் அலுவலகத்தை ஆரம்பித்தது அவனுடைய அண்ணன். அண்ணன் காலமான பிறகு நடத்துவது அண்ணி. வேவு பார்ப்பது, சுவர் ஏறுவது, டீ வாங்கி வருவது, வாய் பேசுவது ஆகிய நான்கு இலாகாக்களும் வாலிடம். யோசிப்பது மட்டும் அண்ணியிடம். அந்த அண்ணியோ, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.

“அண்ணி, எனக்கு இதுல மண்ணும் புரியல, புழுவும் புரியல.”

“எனக்கும்தான். மேடம், கொஞ்சம் மெதுவா, வீட்டுக்கு வந்த விருந்தாளிக்குச் சொல்ற மாதிரி சொல்லுங்க.”

நூலகர் மூச்சு வாங்கிக்கொண்டார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். அலமாரிக்குள் சாயாமல் நிற்கும் தடித்த புத்தகம் மாதிரி ஒரு நிமிர்வு. அவர் சொன்னது இதுதான். சின்னக் கல்லூரி, சின்ன நூலகம். மாணவர்கள் எழுதிய ஆய்வேடுகளையெல்லாம் ஸ்கேன் எடுத்து, உலகத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். அப்படி ஏற்றியதைக் கட்டிக் காப்பதற்கென்றே மென்பொருள்கள் இருக்கின்றன. இரண்டைப் பிடித்து, ஒரே ஆய்வேடுகளை இரண்டிலும் ஏற்றி, வெள்ளோட்டம் பார்க்கிறார்கள். ஒன்று பெரிது. ஒன்று சின்னது.

“பெரிசுதான் வேணும் எனக்கு. உள்ள போற ஒவ்வொரு ஃபைலுக்கும் கணக்குப் போட்டு ஒரு எண் குடுத்து வச்சுக்கும். வாராவாரம் திரும்பக் கணக்குப் போடும். எங்கேயாவது ஒரு புள்ளி மாறியிருந்தாக்கூட எண் மாறிடும், உடனே சொல்லிடும்.”

“சொல்லிடுமா? ஊரைக் கூட்டிடும்!” என்றார் கம்ப்யூட்டர்காரர். நாற்பது வயதுக்காரர். சட்டைப் பையில் ஸ்க்ரூடிரைவர், கண்ணுக்குக் கீழே கருப்பு. “மேடம், அதை ஓட்ட ஆள் யாரு? இந்தக் காலேஜ்ல பிரிண்டர்ல பேப்பர் சிக்கினாலும் நான்தான், பிரின்சிபால் ரூம்ல மைக் கத்தினாலும் நான்தான். சின்னது பாருங்க, வச்ச இடத்துல சமத்தா இருக்கும். ஒரு தொந்தரவு கிடையாது.”

“ஒரு பாதுகாப்பும் கிடையாது.”

“ஆக, ஒண்ணு புலம்பி, ஒண்ணு சாது,” என்றான் வால். “பொண்ணு பார்க்கப் போன இடத்துல அக்காவா தங்கச்சியான்னு குழம்பின கதைதான்.”

யாரும் சிரிக்கவில்லை. வாலுக்கு அது பழகிப்போன விஷயம்.

மூன்று மணிக்குக் குழு கூடி இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கப் போகிறது. அதற்குள் கல்லூரி முதல்வருக்கு ஒரு சந்தேகம். சின்னதை விற்கும் கம்பெனிக்காரன் ஆளை வைத்துப் பெரிதின் பேரைக் கெடுக்கிறானோ என்று. அதற்காகத்தான் அண்ணியை அழைத்திருந்தார். ‘பொய் சொல்றது மென்பொருளா, மனுஷனா, எனக்குத் தெரிஞ்சாகணும். மனுஷன்னா, அவன் எங்க ஆளா இருந்தா, இன்னைக்குச் சாயங்காலம் அவனுக்கு இங்க வேலை கிடையாது. மாணவனோட ஆய்வேட்டுல கை வைக்கிறவனை வச்சுக்கிட்டுக் காலேஜ் நடத்த முடியாது’ என்று போனிலேயே சொல்லிவிட்டார்.

“எத்தனை ஃபைல் மாறியிருக்கிறதா சொல்லுது?” என்றார் அண்ணி.

“நாலு. வாரத்துக்கு ஒண்ணு.”

“முதல்ல வந்த ஃபைல் வேற எங்கேயாவது இருக்கா?”

“ஸ்கேன் ஏஜென்சி குடுத்த டிஸ்க் என் பீரோவுல இருக்கு,” என்றார் நூலகர்.

“அப்ப சுலபம். ரெண்டு ஸ்க்ரீன் வைங்க. ஒண்ணுல டிஸ்க்குல இருக்கிறது, ஒண்ணுல இப்ப சர்வர்ல இருக்கிறது. எங்க வால் புரட்டுவான்.”

“வீண் வேலைங்க,” என்றார் கம்ப்யூட்டர்காரர்.

“சம்பளம் வாங்கறதே வீண் வேலைக்குத்தான் சார்,” என்று வால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

கம்ப்யூட்டர்காரர் இரண்டு திரைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இணைத்தார். சாதாரணமாகக் கண்ணை மூடிக்கொண்டு செய்யக்கூடிய வேலை. கேபிளைச் செருக இரண்டு தடவை தவறியது.

வால் புரட்டினான். மண்புழுவின் வாழ்க்கை வரலாறு இரண்டு திரையிலும் இரட்டைப் பிள்ளைகளாக ஓடியது. முன்னுரை, நன்றியுரை, மண்ணின் வகைகள், ஈரப்பதம். கொட்டாவி ஒன்று பாதி வாயில் இருக்கும்போது அவன் நின்றான்.

“அண்ணி! இங்க பாருங்க.”

இடப்பக்கத் திரையில் பக்கம் துடைத்து வைத்த தட்டு மாதிரி இருந்தது. வலப்பக்கத்தில் அதே பக்கம், அதே எழுத்து. ஆனால் கீழ் ஓரத்தில் ஒரு விரல். பெண்ணின் ஆள்காட்டி விரல். இரண்டாவது கணு வரைக்கும் தெரிந்தது. பக்கம் மடங்கிவிடாமல் லேசாக அழுத்திப் பிடித்திருந்தது.

“நான்கூட மண்புழுதான் படத்துலேர்ந்து இறங்கி வந்துடுச்சோன்னு நினைச்சேன்,” என்றான் வால்.

மேலே புரட்டினான். இருபது பக்கம் தள்ளி மறுபடி அதே விரல். அடுத்த ஃபைலைத் திறந்தான். உப்புத் தண்ணீரில் விளையும் பயிர். அதிலும் விரல். மூன்றாவது, நான்காவது. வாலுக்கு உற்சாகம் தாங்கவில்லை. பிடி கிடைத்துவிட்டால் அவனுக்கு வாய் நிற்காது.

“இந்தம்மாவை ஃபாலோ பண்ணலாம் அண்ணி, சுவாரசியமா இருக்கு. முதல் ஃபைல்ல விரல் கொழுகொழுன்னு இருக்கா? மூணாவதுல பாருங்க, தீக்குச்சி. சரியான டயட்! நாலாவதுல கையே தெரியுது, புறங்கையில பிளாஸ்திரி. அடுப்புல சுட்டுக்கிட்டாங்களா, இல்ல வீட்டுக்காரரோட சண்டை போட்டுக் கதவுல இடிச்சுக்கிட்டாங்களான்னு தெரியல.”

நாற்காலி கிறீச்சிட்டது. கம்ப்யூட்டர்காரர் எழுந்து நின்றிருந்தார்.

“சர்வர் ரூம்ல ஏசி பார்க்கணும்,” என்று யாரிடமோ சொல்வதுபோல் சொல்லிவிட்டுப் போனார்.

நூலகர் திரைக்கு அருகே வந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு அதைப் போட்டுக்கொள்ளாமலேயே பேசினார்.

“ஏஜென்சிக்காரங்க தப்பு. தப்பான ஃபைலை அனுப்பியிருப்பாங்க. பெரிய விஷயம் இல்ல. மூணு மணிக்கு நான் சின்னதுக்கே சரின்னு சொல்லிடறேன். நீங்க கிளம்பலாம்.”

“மேடம்,” என்றார் அண்ணி.

“கிளம்பலாம்மா. உங்களுக்கு ஏன் வீண் சிரமம்.”

வெளியே மாடிப்படி வளைவில் அண்ணி நின்றார். கிளம்புகிற எண்ணமே அவர் முகத்தில் இல்லை.

“ஏஜென்சிக்குப் போன் போடு.”

வால் போட்டான். மறுமுனையில் ஒரு உற்சாகப் பேர்வழி. “விரலா? எங்க மெஷின்லயா? புத்தகத்தை உள்ள வச்சு மூடிடுவோம் சார். கை நுழைய இடமே கிடையாது. நாங்க எடுக்கிறதே அதுக்குத்தானே. அந்த லைப்ரரியில முன்ன கையால பிடிச்சு எடுத்திருந்தாங்க. ஓரமெல்லாம் விரல். அந்த ஆய்வேடுகளைத்தான் திரும்ப சுத்தமா எடுத்துக் குடுத்தோம்.”

“ஆக, பழைய ஸ்கேன் இது,” என்று போனை அணைத்தான் வால். “சுத்தமானதை எடுத்துட்டு யாரோ பழசை வைக்கிறான். அண்ணி, நான் பார்த்த திருடன் எல்லாம் நல்லதை எடுத்துட்டுப் போவான். இவன் நல்லதை எடுத்துட்டுக் கெட்டதை வச்சுட்டுப் போறான்.”

“கெட்டதுன்னு யார் சொன்னது?”

“ஏஜென்சிக்காரன் சொல்றான்.”

“வச்சவன் சொன்னானா?”

வால் தலையைச் சொறிந்தான். “கம்பெனிக்காரன் வேலையா இருக்குமோ?”

“பேரைக் கெடுக்க வந்தவன் ஃபைலைத் திறக்கவே முடியாதபடி பண்ணியிருப்பான். இவன் ஒரு பக்கம் கூடாம, ஒரு பக்கம் குறையாம, பிள்ளையைத் தொட்டில்ல போடற மாதிரி வச்சிருக்கான். அவனுக்கு அந்த ஆய்வேடு கெடக் கூடாது. விரலும் போகக் கூடாது.”

“அப்ப சங்கேதம்! விரல் எந்த வார்த்தையைத் தொடுதுன்னு நான் குறிச்சு வச்சேன் அண்ணி. கேளுங்க. ‘ஈரப்பதம்’, ‘ஆகவே’, ‘கழிவு’, ‘அட்டவணை’. இதை வச்சு ஒருத்தன் காதல் கடிதம் படிச்சான்னா அவனுக்கு நானே கல்யாணச் செலவு பண்றேன்.”

அண்ணி சிரிக்கவில்லை. “விரலை விடு. அந்தம்மாவைக் கவனிச்சியா? காலையிலேர்ந்து பெரிசுக்காகத் தொண்டை வத்தக் கத்தினாங்க. அது பொய் சொல்லலைன்னு நாம காட்டிட்டோம். அவங்க ஜெயிச்சுட்டாங்க. ஜெயிச்ச நிமிஷத்துல கட்சி மாறிட்டாங்க. ஜெயிச்சவங்க கட்சி மாறி நீ பார்த்திருக்கியா?”

“இல்லையே.”

“ஃபைல்ல மாறினது என்னன்னு பார்த்ததும் அவங்க மாறினாங்க. அந்த விரல் யாரோடதுன்னு அவங்களுக்குத் தெரியும். வா, கையால பிடிச்சு ஸ்கேன் எடுத்த இடம் இந்தக் கட்டடத்துல எங்கேயாவது இருக்கும்.”

இருந்தது. தாழ்வாரத்தின் கோடியில், பழைய செய்தித்தாள் கட்டுகளைத் தாண்டி, ஒரு சின்ன அறை. பூட்டு தொங்கியது, பூட்டப்படவில்லை. உள்ளே கறுப்புத் துணி விரித்த மேஜை. அதன் மேல் குனிந்து பார்க்கும் கேமரா, இரண்டு பக்கமும் விளக்கு. மேஜைக்கு முன்னால் உயரமான நாற்காலி. குள்ளமானவர் உட்கார வசதியாக மேலே ஒரு மெத்தை. கால் வைத்துக்கொள்ள ஒரு மரப்பெட்டி. சுவரோரம் பழைய கம்ப்யூட்டர். அதன் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இன்னொரு நாற்காலி, சாதாரண பிளாஸ்டிக் நாற்காலி, சுவரை ஒட்டி.

வால் விரலால் தடவிப் பார்த்தான். “ஆள் வந்து போறான் அண்ணி. இந்த பிளாஸ்டிக் சேர்ல தூசியே இல்ல.”

“அந்த மெத்தை சேர்ல?”

“ரங்கோலி போடலாம். அவ்வளவு தூசி.” நின்றான். “விசித்திரமா இருக்கே. கம்ப்யூட்டர்ல வேலை செய்யறவன் நல்ல மெத்தை சேரை இழுத்துப் போட்டுக்க மாட்டானா? பக்கத்துலதானே இருக்கு. இந்த ஓட்டை சேர்ல ஏன் உட்காரணும்?”

அண்ணி மெத்தையைப் பார்த்தார். பிறகு, ரொம்பச் சாதாரணமாக, கேட்டார்.

“நம்ம ஆபீஸ்ல உங்க அண்ணன் மேஜை இருக்கில்ல. எல்லாக் கேஸையும் நான் அதுலதானே வச்சுப் பார்க்கிறேன்?”

“ஆமா.”

“எங்க உட்கார்ந்து?”

வால் யோசித்தான். யோசிக்கவே தேவையில்லாத கேள்வி. தினமும் பார்க்கிற காட்சி. மேஜைக்கு எதிர்ப்பக்கம். கேஸ் கொடுக்க வருகிறவர்கள் உட்காரும் நாற்காலியில். ஜன்னல் வெளிச்சத்துக்காக அப்படி உட்காருகிறார் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தான். அந்தப் பக்கம் ஜன்னலே கிடையாது என்பது இப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

“அண்ணி...”

“தூசி நான் தட்டிடுவேன். அவ்வளவுதான் வித்தியாசம்.”

வாசலில் நிழல் விழுந்தது. நூலகர்.

“நீங்க கிளம்ப மாட்டீங்கன்னு தெரியும்,” என்றார். உள்ளே வராமல் நிலையைப் பிடித்துக்கொண்டார். “அந்தப் பொண்ணு போய் ஒரு வருஷம் ஆகப் போகுது.”

“ஸ்கேன் எடுத்தவங்களா?”

“இந்த லைப்ரரியில இருக்கிற ஆய்வேடு எல்லாம் அவ கையாலதான் உள்ள போச்சு. தினம் கத்துவேன். ‘விரல் விழுதும்மா, ஓரமாப் பிடி, விரல் விழுது’ன்னு. சிரிப்பா. கடைசியில கொஞ்ச நாள் காலையில ஆஸ்பத்திரியில மருந்து ஏத்திக்கிட்டு மத்தியானம் இங்க வந்து உட்கார்ந்தா. வீட்டுல படுத்திருன்னா கேட்க மாட்டா. அந்தப் பிளாஸ்திரி... ஊசி குத்தின இடம் அது.”

வால் சுவரைப் பார்த்தான்.

“இங்க வந்து உட்கார்றது யாரு மேடம்?” என்று அண்ணி கேட்டார்.

“காலையிலேர்ந்து நான் யாரோட சண்டை போட்டேனோ, அவர்தான். அந்தப் பொண்ணு அவரோட மனைவி.” நூலகர் ஒரு அடி உள்ளே வைத்தார். “சத்தியமா எனக்குத் தெரியாதும்மா. அந்தப் பக்கத்தைப் பார்க்கிற வரைக்கும் தெரியாது. தெரிஞ்சிருந்தா அவர்கூட அப்படிக் கத்தியிருப்பேனா?”

தீக்குச்சி. டயட். வீட்டுக்காரரோட சண்டை. வாலுக்குத் தான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் வரிசையாக வந்து முன்னால் நின்றது. ஜோக் அடித்துவிட்டுத் திரும்பிப் பார்க்கும் பழக்கம் அவனுக்கு இருந்ததே இல்லை.

“அண்ணி, நான் அவர் முன்னாடியே...”

“தெரியும்.”

“சொல்லியிருக்கலாமே, நிறுத்துடான்னு.”

“எனக்கும் அப்பத் தெரியாதே,” என்றார் அண்ணி. “வா.”

சர்வர் அறையில் குளிர் முகத்தில் அடித்தது. இரும்பு ரேக்குகளில் பச்சை விளக்குகள் சிமிட்டிக்கொண்டிருந்தன. கம்ப்யூட்டர்காரர் காலிப் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்தார். அவர்கள் மூன்று பேரும் உள்ளே வந்ததைப் பார்த்து எழுந்திருக்கவும் இல்லை, ஆச்சரியப்படவும் இல்லை.

வால்தான் முதலில் வாயைத் திறந்தான். “சார், நான் அப்ப உளறினது...”

“பரவாயில்ல.”

“இல்ல சார், மண்புழு கிண்புழுன்னு...”

“அவளே அப்படித்தான் சொல்வா,” என்றார் அவர். “‘ஏங்க, பாருங்க, என் விரல் மண்புழு மாதிரி வந்திருக்கு, ஆய்வு பண்ணவன் பயந்துடப் போறான்’னு இந்த ஃபைலைக் காட்டித்தான் சிரிச்சா. நீங்க அதையே சொன்னீங்க. அவ குரல்லயே கேட்டுது. அதான் எழுந்து வந்துட்டேன்.”

மன்னிப்பு கேட்பதற்கும் ஒரு இடம் வேண்டுமே. அதையும் அந்த மனிதர் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

“உங்களுக்கு அந்தப் படங்கள் வேணும்னா வீட்டுக்கு ஒரு காப்பி எடுத்துட்டுப் போயிருக்கலாமே,” என்றார் அண்ணி. “ஏன் இங்க வச்சீங்க?”

“வீட்டுலயும் இருக்கு. வீட்டுல இருந்தா நான் ஒருத்தன் பார்ப்பேன். எனக்கு அப்புறம்?” அவர் ரேக்கைக் காட்டினார். “இங்க இருந்தா, எங்கேயோ ஒருத்தன் மண்புழுவைப் பத்திப் படிக்கணும்னு வருவான். புரட்டிக்கிட்டே போவான். திடீர்னு ஒரு கை. யாருன்னு அவனுக்குத் தெரியாது. யாரோ ஒருத்தி தனக்காக இந்தப் பக்கத்தைப் பிடிச்சுக்கிட்டிருந்தான்னு தெரியும். அது போதும்னு இருந்தது. ஃபைலோட விவரத்தை நிரப்பற இடத்துல எழுதினவர் பேருக்கு ஒரு கட்டம் இருக்கு, வழிகாட்டி பேருக்குக் கட்டம் இருக்கு, துறைக்குக் கட்டம் இருக்கு. பக்கத்தைப் புரட்டினவளுக்கு ஒரு கட்டமும் இல்லைங்க.”

“விரல் இருக்கிற எல்லா ஆய்வேட்டையும் மாத்திடலாம்னு நினைச்சீங்களா?”

“ஒவ்வொண்ணா. ஞாயித்துக்கிழமை வந்து உட்கார்ந்து தேடுவேன். முதல்ல...” கொஞ்சம் தயங்கினார். வாலைப் பார்த்தார். “முதல்ல நானும் தேடினேன் தம்பி. அவ எந்த வார்த்தை மேல விரலை வச்சிருக்கான்னு. எனக்கு ஏதாவது சொல்லிட்டுப் போயிருக்காளான்னு. கடைசி நாள் வரைக்கும் வீட்டுல ஒரு வார்த்தை பேச மாட்டா நோயைப் பத்தி. இதுலயாவது... எல்லாப் பக்கமும் பார்த்தேன். ஒண்ணும் இல்ல. சும்மா பிடிச்சிருக்கா. அவ்வளவுதான்.”

வாலின் சட்டைப் பையில், அவன் குறித்து வைத்த காகிதம் உறுத்தியது.

“பெரிசு வந்தா வாராவாரம் என்னைக் காட்டிக் குடுக்கும்,” என்றார் கம்ப்யூட்டர்காரர். “சின்னது ஒண்ணும் கேட்காது. அதான் சின்னதுக்குச் சண்டை போட்டேன். எனக்கு வேலைச் சுமை எல்லாம் ஒரு பெரிய விஷயமே இல்ல மேடம். மன்னிச்சுக்கங்க.”

நூலகர் சட்டென்று முன்னால் வந்தார். கண் கலங்கியிருந்தாலும் பேச்சில் பழைய அதட்டல் திரும்பியிருந்தது.

“நீங்கல்லாம் என்ன கம்ப்யூட்டர் படிச்சீங்க? பெரிசோட கையேட்டைத் திறந்தாவது பார்த்தீங்களா? வேணாம்னு முடிவு பண்ணிட்டுத்தானே எல்லாரும் படிக்கிறதையே விட்டுடறீங்க! சர்வர்ல பின்பக்கமாப் போய்ச் சத்தமில்லாம ஃபைலை மாத்தினா அது கத்தாம என்ன பண்ணும்? முன்பக்கமா, முறையா, இன்னொரு பதிப்புன்னு சொல்லி ஏத்தியிருந்தா, ரெண்டையும் வச்சுக்கும். சுத்தமானதும் இருக்கும், அவ கை இருக்கிறதும் இருக்கும். ரெண்டுக்கும் தனித்தனி எண் போட்டு, ரெண்டையும் காவல் காக்கும்.”

கம்ப்யூட்டர்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

“உங்க சின்னது இருக்கே, புதுசு ஒண்ணு வந்தா பழசைத் தூக்கிக் கடாசிடும். நாளைக்கு நான் தெரியாம சுத்தமான ஃபைலை மறுபடி ஏத்தினா, அவ போயே போயிடுவா. ஒரு சத்தம் வராது. யாருக்கும் தெரியக்கூடத் தெரியாது.”

அவளை அழித்துவிடக்கூடிய மென்பொருளுக்காகத்தான் அந்த மனிதர் இத்தனை வாரமாகத் தொண்டை வற்றக் கத்தியிருக்கிறார்.

“பிரின்சிபால் பேர் கேட்பார்,” என்றார் அண்ணி. “மென்பொருள் நிஜம் சொல்லிச்சு, கம்பெனிக்காரன் சதி இல்லை, மாத்தினது காலேஜைச் சேர்ந்தவர்னு நான் எழுதியாகணும்.”

“எழுதுங்க,” என்றார் கம்ப்யூட்டர்காரர்.

“நான் சொல்லித்தான் செஞ்சார்னு எழுதுங்க,” என்றார் நூலகர்.

“நான் பொய் எழுதறதில்லம்மா.”

“பொய் எதுக்கு?” நூலகர் கம்ப்யூட்டர்காரர் பக்கம் திரும்பினார். ‘சார்’ போய்விட்டிருந்தது. “தம்பி, டிஸ்க்குல இருக்கிற சுத்தமான ஃபைலைத் திரும்ப வச்சுட்டு, அந்த நாலு ஆய்வேட்டோட பழைய ஸ்கேனையும் எடுத்துப் பெரிசுல முறையா இன்னொரு பதிப்பா ஏத்துங்க. நூலகரா நான் சொல்றேன். செய்யுங்க.”

அவர் விழித்தார். பிறகு எழுந்து, ரேக்கில் இருந்த கீபோர்டை இழுத்தார். நான்கு ஆய்வேடுகள். பச்சை விளக்குகள் கொஞ்ச நேரம் வேகமாகச் சிமிட்டின. ஓய்ந்தன.

“செஞ்சாச்சா? அம்மா, இப்ப எழுதுங்க. நான் சொன்னேன், அவர் செஞ்சார். இதுல பொய் எங்க இருக்கு?”

“அதுக்கு முன்னாடி பின்பக்கமா நடந்தது?” என்றார் அண்ணி.

“அதைக் கேட்டா, என் லைப்ரரியில நடக்கிறது எல்லாத்துக்கும் நான்தான் பொறுப்புன்னு நேரா அவர் முகத்துக்கு எதிர்ல சொல்லிக்கறேன். வேலை போனா என்னோடது போகட்டும். எனக்கு என்ன, ரிட்டயர் ஆக எவ்வளவு நாள் இருக்கு!”

வேறொரு நாளாக இருந்தால் இந்த இடத்தில் வாலிடம் ஒரு நல்ல ஜோக் இருந்திருக்கும். தேடிப் பார்த்தான். கிடைக்கவில்லை. அண்ணி கைப்பையைத் திறந்து பேனாவை எடுத்தார்.

“குழுவுக்கு நேரமாச்சு. பெரிசுதான். நீங்களும் வந்து பெரிசுன்னு சொல்லணும்,” என்றார் நூலகர். “பெரிசுல நமக்கு வேணுங்கிற கட்டத்தை நாமே சேர்த்துக்கலாம் தம்பி. ஸ்கேன் எடுத்தவர்னு ஒரு கட்டம் போடறேன். ஒவ்வொரு ஆய்வேட்டுலயும் அவ பேர் இருக்கும்.”

“போடுங்க மேடம்,” என்றார் அவர். திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நூலகர் கதவைத் திறந்த பிறகுதான் மறுபடி பேசினார்.

“மேடம்.”

அவர் நின்றார்.

“கடைசியா ஒண்ணு எடுத்தாளே. புத்தகமா வர்ற வரைக்கும் யாருக்கும் காட்டக் கூடாதுன்னு எழுதினவர் கேட்டு, நீங்க பூட்டி வச்சிருக்கிற ஆய்வேடு.”

“ஆமா.”

“சர்வர் சாவி என்கிட்டதான் இருக்கு. நினைச்சா திறந்திருக்கலாம். அதை மட்டும் திறக்கல.”

நூலகர் கதவைப் பிடித்துக்கொண்டார். அவர் முகத்தில் ஏதோ ஒன்று இறங்குவதை வால் பார்த்தான்.

“அதை எடுக்கறப்பத்தான் நீங்க கண்ணாடித் தகடு வாங்கிக் குடுத்தீங்க. பக்கத்து மேல வச்சா கையே வேண்டாம், ஓரம் சுத்தமா வரும்னு. ‘இனிமே மேடம்கிட்ட திட்டு வாங்க மாட்டேன்’னு வீட்டுக்கு வந்து சொன்னா, அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு. அந்த ஆய்வேட்டோட சரி, அப்புறம் அவ இங்க வரல.”

பூட்டுவதற்கு முன் ஒவ்வொரு ஆய்வேட்டையும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை தானே பார்த்துவிடுவது நூலகரின் வழக்கம். அது அந்த அறையில் அவர்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும். நூலகர் தலை குனிந்ததைப் பார்த்த பிறகு வாலுக்கும் தெரிந்துவிட்டது.

“நீங்க முழுக்கப் பார்த்திருப்பீங்க,” என்றார் கம்ப்யூட்டர்காரர். “ஒரு பக்கத்துலயாவது அந்தக் கண்ணாடியை வைக்க மறந்திருப்பா, இல்லையா மேடம்?”